ஒரு பட்டை கூடுதல்

என் மனைவியின் தம்பி திங்கட்கிழமை கோர்ட்டில் நின்று, தப்பு தன்னுடையதுதான் என்று ஒத்துக்கொள்வதாக இருந்தான். அதற்கு முந்தைய வியாழக்கிழமை நான் என் பிக்கப் வண்டியின் பின் சக்கரங்களைக் கழற்றினேன். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று கழற்றும்போது எனக்குத் தெரியாது.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வாங்கிப் பதினொரு வருடம் ஆகிறது. டைல்ஸ் கடைகளிலிருந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டுபோய் வீடு கட்டுகிறவர்களின் வாசலில் இறக்குவது என் தொழில். ஆயில் மாற்றுவது, கிரீஸ் வைப்பது, பிரேக் கட்டை மாற்றுவது எல்லாம் நானேதான். எந்தத் தேதியில் என்ன மாற்றினேன் என்று பானெட்டின் உள்பக்கத்தில் எழுதி வைத்திருப்பேன். பெட்டிகள் சாயாமல் இருக்கப் பின் தொட்டியில் இரும்புச் சட்டம் பற்ற வைத்தேன். சத்தம் வராமல் இருக்க ரப்பர் விரித்தேன். “அந்த வண்டிக்கு ஊத்துற எண்ணெய்ல பாதிய என் தலைக்கு ஊத்தியிருந்தா முடி இவ்வளவு கொட்டியிருக்காது” என்பாள் என் மனைவி. எனக்கு அது பாராட்டு மாதிரிதான் கேட்கும்.

ஒரே ஒரு குறை. முழு லோடு ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். முன் விளக்கு வெளிச்சம் ரோட்டை விட்டுவிட்டு மரத்து உச்சியைப் போய்ப் பார்க்கும். ஸ்பிரிங் பட்டறைக்காரரிடம் கேட்டேன்.

“இன்னொரு பட்டை சேர்த்துக்கோங்க, ஜம்முனு நிமிந்து நிக்கும். காலியா ஓட்டுறப்போ உங்க முதுகெலும்பை ஒவ்வொண்ணா எண்ணிக்கலாம். பரவாயில்லையா?” என்றார்.

“எண்ணிக்கிறேன்.”

“அப்போ விடுங்க, நானே மாட்டித் தர்றேன்.”

“வேணாம். பட்டையை மட்டும் குடுங்க.”

அந்த ‘வேணாம்’ எதற்கு என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். வேறு ஒன்றும் இல்லை. என் வண்டியில் இன்னொருத்தர் ஸ்பேனர் பிடிப்பது எனக்குப் பிடிக்காது.

இரண்டு நாள் ஜாக்கி வைத்துத் தூக்கி நானே பட்டையைச் சேர்த்தேன். வண்டி நிமிர்ந்துவிட்டது. ஆனால் ஒரு இடத்தில் இடித்தது. பின் அச்சிலிருந்து மேலே இருக்கிற ஒரு சின்ன வால்வுக்கு ஒரு கம்பி போகும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் அந்தக் கம்பி வால்வின் கையை மேலே தள்ளும். உடனே பின் சக்கரத்துக்குப் பிரேக் கூடுதலாகப் போகும். காலி வண்டி உயரமாக நிற்கும், கை கீழே இறங்கியிருக்கும், பின் பிரேக் குறைவாகப் போகும். காலி வண்டியில் பின் சக்கரம் வழுக்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இப்போது வண்டி உயர்ந்துவிட்டதால் கம்பி எட்டவில்லை. கீழ்முனையைக் கழற்றிவிட்டேன். வால்வின் கை தொங்கி ஆடிச் சத்தம் போட்டது. கட்டுக் கம்பி ஒரு சாண் எடுத்து, அந்தக் கையைக் கீழே இழுத்து இறுக்கிக் கட்டினேன். நீளமாக ஒரு கம்பி செய்து மாட்ட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

தெருவில் ஓட்டிப் பிரேக் அடித்துப் பார்த்தேன். நன்றாக நின்றது. வண்டி காலி.

போனில் பிக்கப் ஓனர்கள் குழு ஒன்று இருக்கிறது. படங்களைப் போட்டேன். “அண்ணே, கம்பெனிக்காரனே உங்ககிட்ட வந்து கத்துக்கணும்” என்றெல்லாம் எழுதினார்கள். ஒருத்தர் மட்டும், “அந்த வால்வு கம்பி என்னாச்சுண்ணே?” என்று கேட்டிருந்தார். “அது இல்லாமலே நல்லா நிக்குது தம்பி” என்று பதில் போட்டேன்.

நான்கு மாதம் லோடு அடித்தேன். பிறகு எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. ஒரு மாதம் ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். ஒரு கட்டிடத்துக்கு அவசரமாக டைல்ஸ் போக வேண்டியிருந்தது. மைத்துனனைக் கூப்பிட்டேன்.

அவன் பள்ளிக்கூட வேன் டிரைவர். பதினான்கு வருடத்தில் வேனில் ஒரு கீறல் கிடையாது. அவ்வளவு மெதுவாக ஓட்டுவான். வீட்டில் எல்லோரும் அவனை ஆமை என்றுதான் கூப்பிடுவோம். “வேன்ல இருக்கிற புள்ளைங்க இறங்கறதுக்குள்ள அடுத்த கிளாசுக்குப் பாஸ் ஆயிடும்” என்பாள் அவன் அக்கா. அவனும் சிரித்துக்கொள்வான். அன்று சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. “பெட்டி ஒண்ணுகூட உடையாம போய்ச் சேரும் மாமா, நீங்க படுத்துத் தூங்குங்க” என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டு போனான்.

காலை பதினொன்றரை மணிக்கு, இறக்கம் முடிகிற முச்சந்தியில், வண்டி நிற்காமல் நேரே போய் ஒரு தையல் கடைக்குள் ஏறியது. தையல்காரர் வாசலை ஒட்டி மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தார். மெஷின் அவர் வலது கால் மேல் மடங்கிவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பாதத்தில் பாதி போய்விட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மைத்துனன் சுவரோடு நின்றுகொண்டிருந்தான். சட்டையில் டைல்ஸ் தூசி.

“மிதிச்சேன் மாமா. அடி வரைக்கும் மிதிச்சேன். முன்னாடி டயர் கிறீச்சுன்னு கத்துது, வண்டி நிக்கவே இல்ல. தள்ளிக்கிட்டே போகுது.”

வயிற்றில் தையலோடு நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வலி ஒரு பக்கம், போலீஸ்காரர் கேட்ட கேள்விகள் ஒரு பக்கம். போகிற வருகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

“இடிச்சவன் எவன்டா பிரேக் புடிச்சுதுன்னு சொல்லியிருக்கான்?” என்றேன். “அந்த வண்டிய என் கையால பாத்துப் பாத்து வச்சிருக்கேன். பதினாலு வருஷமா ஆமையா இருந்தவன் என் வண்டில ஏறினதும் முயலாயிட்டியா?”

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அவன் அக்கா அழுதுகொண்டே சேர்ந்துகொண்டாள். “ஒரு மனுஷனக் கொல்லப் பாத்துட்டியேடா பாவி. போனைப் பாத்தியா? தூங்கினியா? உண்மையச் சொல்லு.”

ஸ்டேஷன் வளாகத்தில் வண்டி மூன்று வாரம் நின்றது. வாகன ஆய்வாளர் வந்தார். உடைந்த பெட்டிகளை ஏற்கெனவே இறக்கிவிட்டிருந்தார்கள். வளாகத்துக்குள்ளேயே ஓட்டி இரண்டு தடவை பிரேக் அடித்தார். அடித்த இடத்தில் நின்றது. ‘பிரேக் நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அடியில் குனிந்து யாரும் பார்க்கவில்லை. சொல்லப்போனால் எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வாரம் மைத்துனன் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“வண்டி மேல பழியப் போட்டுட்டேன் மாமா. மன்னிச்சிடுங்க. நல்லா யோசிச்சுப் பாத்தேன். நான்தான் லேட்டா மிதிச்சிருக்கணும். இல்ல, கால் சறுக்கி வேற எதையாவது மிதிச்சிருக்கேன். எனக்கே ஞாபகம் இல்ல.”

“சரி விடு, நடந்தது நடந்துபோச்சு” என்று பெரிய மனது பண்ணிச் சொன்னேன்.

அவன் வேன் வேலையை விட்டான். பள்ளிக்கூடத்தில் யாரும் போகச் சொல்லவில்லை. “அம்பது புள்ளைங்கள ஏத்திக்கிட்டு, என் காலை நானே சந்தேகப்பட்டுக்கிட்டு எப்படி ஓட்டுறது?” என்று சொல்லிவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு குடோனில் கேட் காவலுக்குச் சேர்ந்தான். லாரி வந்தால் கேட்டைத் திறப்பான், போனால் மூடுவான். கேஸ் இழுத்துக்கொண்டே போனது. ஒத்துக்கொண்டால் சீக்கிரம் முடியும், லைசென்ஸ்தான் போகும் என்றார் வக்கீல். “போகட்டும் சார், எனக்கு எதுக்கு அது?” என்றானாம்.

இனி அந்த வியாழக்கிழமை.

முன் சக்கரத்துப் பிரேக் கட்டைகள் தேய்ந்துவிட்டன. பானெட்டைத் திறந்து தேதியைப் பார்த்தேன். ஒரு வருடத்துக்குள் முன்பக்கம் மட்டும் மூன்றாவது தடவை மாற்றுகிறேன். பின்பக்கமும் போயிருக்கும் என்று அதையும் கழற்றினேன். பிரேக் டிரம்மைத் திறந்தால், உள்ளே கட்டை புதுசு போல இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது முதலில். நல்ல சாமான் போட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். துணியால் துடைத்தபடியே இருந்தேன். கை தானாக நின்றது.

இவ்வளவு பாரம் அடிக்கிற வண்டியில் பின் கட்டை தேயவில்லை என்றால், அது வேலையே செய்யவில்லை என்று அர்த்தம்.

மல்லாந்து படுத்து மேலே பார்த்தேன். கட்டுக் கம்பி துருப்பிடித்து அப்படியே இருந்தது. வால்வின் கையைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு பாரம் ஏற்றினாலும் வண்டி காலி என்றுதான் அந்த வால்வு நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் அறுபது பெட்டி டைல்ஸை ஏற்றிக்கொண்டு, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மைதானத்துக்குப் போனேன். சாக்பீஸால் தரையில் கோடு போட்டேன். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டைத் தொடும்போது மிதிக்க வேண்டும். வந்தேன், மிதித்தேன், இறங்கி எட்டு வைத்து நடந்து எண்ணினேன். கோட்டிலிருந்து பதினேழு எட்டுதான் வந்திருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். நாம் வீணாகப் பயந்துவிட்டோம்.

திரும்பி நடந்தபோதுதான் தரையில் டயர் தேய்ந்த தடத்தைப் பார்த்தேன். அது கோட்டுக்கு ஒன்பது எட்டு முன்னாலேயே ஆரம்பித்திருந்தது. கோட்டில் மிதிக்கவில்லை நான். என் கால் அதற்கு முன்பே மிதித்திருக்கிறது.

மறுபடி ஓட்டினேன். இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு காலைப் பிடித்து வைத்தேன். கோடு வந்தபோது மிதித்தேன். முன் சக்கரம் கத்தியது. வண்டி தள்ளிக்கொண்டே போனது. எண்ணினேன். இருபத்தாறு.

பிறகு அடியில் படுத்து, பழைய கம்பியை வெட்டிவிட்டு, வால்வின் கையை மேலே தூக்கிக் கட்டினேன். மறுபடி ஓட்டினேன். பதினாறு.

பத்து எட்டு வித்தியாசம். அந்தத் தையல்காரர் அந்தப் பத்து எட்டுக்குள்தான் உட்கார்ந்திருந்தார்.

பட்டை போட்ட நாளிலிருந்து, லோடு இருக்கும்போது வண்டி கொஞ்சம் தள்ளுகிறது என்று என் காலுக்குத் தெரிந்திருக்கிறது. அது முன்கூட்டியே மிதிக்கப் பழகிக்கொண்டுவிட்டது. மைத்துனன் எல்லா டிரைவரும் மிதிக்கிற இடத்தில்தான் மிதித்தான்.

அன்று சாயங்காலம் நான் முதலில் சொன்னது குழுவில்தான். முகம் தெரியாதவர்களிடம் சொல்வது எளிதாக இருந்தது. “பட்டை சேர்த்தவங்க யாரும் வால்வு கம்பியைக் கழட்டி விட்டுடாதீங்க, லோடுல பிரேக் பிடிக்காது” என்று போட்டேன். என்னைப் பார்த்து அப்படியே கட்டி வைத்திருந்த இரண்டு பேர் உடனே கழற்றுவதாகச் சொன்னார்கள். அன்றைக்கு வால்வைப் பற்றிக் கேட்டவரே இப்போதும் கேட்டார்: “ஏண்ணே, ஏதாவது ஆயிடுச்சா?”

“ஒண்ணும் ஆகல தம்பி” என்று போட்டேன்.

போட்டுவிட்டு அந்த மூன்று வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை என் மனைவி தன் தம்பியின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைக்கு. அவளிடம் சொன்னேன். கம்பி, வால்வு, பத்து எட்டு, எல்லாம். அவள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தாள்.

“அப்போ அவன் அன்னிக்கு ஆஸ்பத்திரில சொன்னது நிஜமா?”

“நிஜம்தான்.”

“நான் அவனப் பாவின்னு சொன்னேங்க. அத்தனை பேருக்கு முன்னாடி.” கொஞ்ச நேரம் சட்டைக் காலரையே தடவிக்கொண்டிருந்தாள். “நீங்க எடுத்துக் குடுத்தீங்க, நான் திட்டினேன்.”

“எனக்கு அப்பத் தெரியாதும்மா.”

“என்கிட்ட எதுக்குச் சொல்லிட்டிருக்கீங்க? அவன்கிட்டப் போய்ச் சொல்லுங்க.” பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “உங்களோட இருபத்தாறு வருஷமா குடும்பம் நடத்துறேன். இன்னும் ஒரு நாள் தள்ளிட்டா திங்கக்கிழமை தானா வந்து எல்லாத்தையும் முடிச்சு வச்சிடும்னு உக்காந்துடாதீங்க.”

நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை குடோனுக்குப் போனேன். வண்டியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினேன். காவல் அறை என்பது தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, லாரி நம்பர் எழுதுகிற நோட்டு. சுவரில் ஒரு ஆணி, அதில் அவன் குடை.

“வாங்க மாமா. நாளைக்கு நீங்க வரணும்னு அவசியமில்ல. வக்கீல் பாத்துக்குவார்” என்றான். நாற்காலியை எனக்குத் தள்ளினான். நான் உட்காரவில்லை.

சொல்லி முடித்தேன். கோபப்படுவான் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“காட்டுங்க” என்றான்.

வண்டிக்கு அடியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்தோம். ஜல்லி முதுகில் குத்தியது. கை நீட்டிக் காட்டினேன். அவன் வால்வையும் கம்பியையும் நெடுநேரம் பார்த்தான்.

“மேல பாத்துல்ல இருக்கு.”

“வெள்ளிக்கிழமை ஓட்டிப் பாக்கறதுக்காக நான்தான் தூக்கிக் கட்டினேன். அதுக்கு முன்னாடி கீழ இழுத்துக் கட்டியிருந்தது.”

“முன்னாடி எப்படி இருந்ததோ அப்படியே கட்டுங்க.”

“எதுக்குடா?”

“கட்டுங்க. நாளைக்கு யாராவது வந்து பாக்கணும்ல?”

பழைய கம்பித் துண்டு டூல் பெட்டியில் கிடந்தது. வெட்டினதில் நீளம் போதவில்லை. புதுத் துண்டு ஒன்றை முறுக்கிச் சேர்த்து, அவன் பார்த்துக்கொண்டிருக்க, வால்வின் கையை மறுபடி கீழே இழுத்துக் கட்டினேன். முதல் தடவை கட்டியபோது இரண்டு நிமிஷத்தில் முடிந்த வேலை. இப்போது விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

வெளியே வந்து மண்ணைத் தட்டிக்கொண்டான். அறைக்குள் போய் நோட்டின் கடைசியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தான்.

“எழுதிக் குடுங்க.”

“நான்தான் நேர்ல வந்து சொல்றேன்னு சொல்றேனே.”

“அன்னிக்குப் போலீஸ்காரர் கேட்டப்போவும் நீங்க நேர்லதான் இருந்தீங்க.”

நான் எழுதினேன். தேதி, வண்டி நம்பர், பட்டை சேர்த்தது, கம்பியைக் கழற்றியது, குழுவில் போட்ட படங்கள், வெள்ளிக்கிழமை எண்ணிய கணக்கு. கடைசியாக, ‘இது என் கவனக்குறைவால் நடந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. அவன் போய்க் கேட்டைத் திறந்துவிட்டு, நம்பரைக் குறித்துக்கொண்டு வந்தான். வந்து தாளைப் படித்தான். இரண்டு தடவை படித்தான்.

“லோடு ஏத்தினா தள்ளுதுன்னு எத்தனை நாளா முன்னாடியே மிதிச்சிட்டிருந்தீங்க?”

“உன்கிட்டச் சாவி குடுக்கறதுக்கு முன்னாடி நாலு மாசம் இருக்கும். ஆனா எனக்கே தெரியாதுடா. காலு தானா பழகிடுச்சு.”

“கால் உங்களுதுதானே?”

பேனாவை மேஜை மேல் வைத்தேன்.

“பேரனுக்குப் பால் டம்ளர் குடுக்கறப்போகூட, ‘சூடு, பாத்துக் குடி’ன்னு சொல்லிக் குடுப்பீங்க. சாவியக் குடுக்கறப்போ, ‘கொஞ்சம் முன்னாடியே மிதிடா’ன்னு ஒரு வார்த்தை சொல்லலாம்ல?” அவன் குரல் உயரவே இல்லை. “நான் எட்டு மாசமா ஒவ்வொரு நாளும் அந்த இறக்கத்துல வண்டி ஓட்டிட்டுத்தான் தூங்கறேன். ஒவ்வொரு நாளும் லேட்டா மிதிக்கிறேன்.”

தாளை என் பக்கம் நகர்த்தி, கடைசி வரியில் விரலை வைத்தான்.

“கவனக்குறைவுன்னு போடாதீங்க. தெரிஞ்சேன்னு போடுங்க.”

“அப்படிப் போட்டா என்னைப் புடிச்சு உள்ள வச்சிடுவாங்கடா.”

“வைக்கலாம். வைக்காமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது.”

வெளியே காலி லாரி ஒன்று குடோனுக்குள்ளிருந்து வந்து கேட்டருகே நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தான். மைத்துனன் நகரவில்லை. ஹாரன் சத்தம் இரண்டாம் முறையும் கேட்டது. அப்போதும் அவன் விரல் அந்த வரியிலேயே இருந்தது.

அடித்துவிட்டு எழுதினேன். பக்கத்தில் இன்னொரு கையெழுத்தும் போடச் சொன்னான். போட்டேன். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். பிறகு உள்ளங்கையை நீட்டினான். என்ன என்று எனக்கு முதலில் புரியவில்லை.

“சாவி. வண்டி இங்கயே நிக்கட்டும். காலைல ஒன்பதரைக்குள்ள கோர்ட்டுக்கு வந்துடுங்க. பஸ்ல வாங்க.”

கொடுத்தேன். அவன் போய்க் கேட்டைத் திறந்தான். லாரி போன பிறகு அந்த வழியாகவே நானும் வெளியே வந்தேன்.